வறட்சி என்று பெயர் வைத்த நோய்

இப்போதெல்லாம் ஒரு மரம் செத்தால் எவனும் கோடரியை எடுப்பதில்லை, கைபேசியை எடுக்கிறான். கிழக்குச் சரிவில் என் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாய்க் காய்ந்தபோது ஊரே வந்து படம் பிடித்துக்கொண்டு போயிற்று.

எங்கள் பக்கத்தில் இந்த நோய்க்கு 'வறட்சி' என்றுதான் பெயர். வறட்சி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதானே? ஊற்றினேன். கோடை முழுக்கக் குட்டைத் தண்ணீரை டிராக்டரில் இழுத்துப் போய் வேருக்கு விட்டேன். ஊற்றிய மரங்கள்தான் முதலில் போயின.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஓக்கின் வேரைத் தோண்டினாள். மரத்தடியில் ஆட்டுத் தீவனத்துக்கு நான் விதைத்திருந்த மஞ்சள் லூபின் செடியையும் பிடுங்கினாள். இரண்டின் வேரும் கறுத்திருந்தது. உருவினால் தோல் கையோடு வந்தது. இரண்டிலும் ஒரே கிருமியாம். லூபினில் பெருகி, ஈர மண்ணோடு மரத்துக்குப் போகிறதாம்.

"கேட்டியா மச்சான்?" என்றான் லியாண்ட்ரோ. என் மனைவியின் தம்பி. மேற்குச் சரிவு எங்கள் இருவருக்கும் பொது. அங்கே மரங்கள் இன்னும் பச்சை. எங்கள் பன்றிகள் கொழுப்பது இனி அந்த ஓக் கொட்டைகளை நம்பித்தான். "மேற்கால லூபின் வெதைக்காத."

"எங்கப்பன் வெதைச்சான். மரம் செத்துச்சா?"

"உங்கப்பன் குட்டைத் தண்ணிய ஊத்தல."

"பேரே வறட்சிடா! வேற என்னத்த ஊத்துறது, ஒயினா?"

"ஒயின நீ மரத்துக்கு ஊத்துவியாக்கும்!"

சிரிப்பு வரவில்லை. அவனுக்கும்தான். ஒரு வாளித் தண்ணீரும் பிரஷும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"அந்தப் பக்கம் போறதுன்னா பூட்ஸக் கழுவிட்டுப் போ. சேத்துலயே ஒட்டிக்கிட்டு வருமாம்."

"ஆயுசு முழுக்க இந்தச் சேத்துலதான்டா நடந்தேன்."

"கழுவு மச்சான். மிச்சம் இருக்கறது அந்தச் சரிவு ஒண்ணுதான்."

தோளில் இருந்த லூபின் விதை மூட்டையை இறக்கி அவன் காலடியில் போட்டேன். லூபின் இல்லாவிட்டால் ஓட்ஸ் விதைத்துக்கொள்ளலாம். அது போகட்டும். கண்ணுக்கே தெரியாத ஒன்று என் காலில் ஒட்டியிருக்கிறது என்றால் எப்படி நம்புவது?

பூட்ஸைக் கழுவாமல் வாளியை விலகி நடந்தேன். பின்னால் அவன் கூப்பிட்டான். திரும்பவில்லை. மழை விட்டிருந்தது. மேற்குச் சரிவில் மண் மெத்தென்று இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் பூட்ஸிலிருந்து கிழக்குச் சரிவின் சேறு கொஞ்சம் கொஞ்சமாய்க் கழன்று விழுந்தது.

சேறு. வேறொன்றும் இல்லை.