மேட்டில் நிற்காத ஜீப்

ஜீப்பும் அழகுத்தாயியும் ஒரே வேகத்தில் மலை ஏறிக்கொண்டிருக்கிறார்கள், ஜீப் தார் ரோட்டில், அவள் ரோட்டோரத்துப் புல்லில், உள்ளே சன்னாசி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் துள்ளுகிற கன்றுக்குட்டியைப் பிடிப்பதுபோல் இறுக்கிக்கொண்டு, ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் பெண்டாட்டி மேலுமாக, ஏறு புள்ள, ஊந்துக்கிட்டுத்தானே போகுது, அப்படியே ஒரு கால வச்சு ஏறிரு, என்று கெஞ்சுகிறார், ஓடுற வண்டியில தொத்தி ஏற நான் என்ன கண்டக்டரா, நிறுத்துங்க, ஏறித் தொலைக்கிறேன், என்கிறாள் அவள், ஏறுகிறேன் என்ற சொல் அவள் வாயிலிருந்து இந்த இருபத்தேழு வருஷத்தில் இன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருக்கிறது, அதுவும் இரண்டு கிலோமீட்டர் நடந்து முட்டிவலி கண்டபிறகு வந்திருக்கிறது, அதைக் கேட்ட மாத்திரத்தில் வண்டியை ஓரங்கட்டி இறங்கி ஒரு ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் அவர், ஆனால் இந்த மேட்டில் நிறுத்துவது ஒன்றுதான் அவருக்கு வராத வித்தை, ஓட்ட வரும், திருப்ப வரும், ஹாரன் அடிக்க ரொம்ப நன்றாக வரும், நிறுத்தினால் வண்டி பின்னால் உருளும் என்று மெக்கானிக் கனி ராவுத்தர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார், அண்ணே, ஹேண்ட் பிரேக்கு பேருக்குத்தான் இருக்கு, அத நான் சரி பண்ற வரைக்கும் மேட்டுல மட்டும் நிறுத்திராதீங்க, அந்தச் சின்னக் கம்பிய இழுத்து விட்டுட்டீங்கன்னா நாலு சக்கரமும் சேந்து இழுக்கும், ஆமை மாதிரிதான் போவும், ஆனா போய்க்கிட்டே இருக்கும், அது பாட்டுக்கு உங்களக் கொண்டுபோய்ச் சேத்துரும், என்று.

கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பித்தானே வாங்கினார், ரிட்டையர் ஆன நாலாவது மாதம், ஆபீஸ் பின்வாசலில் கழித்துப்போட்ட வண்டியை ஏலம் விட்டபோது, பழைய இரும்புக்காரர் ஒருத்தரும் சன்னாசியும் மட்டும்தான் கையைத் தூக்கினார்கள், இரும்புக்காரர் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பியூனய்யா, உங்களுக்கு இது எதுக்கு, என்று கேட்டார், எதுக்கு என்று எப்படிச் சொல்வது, முப்பத்தொரு வருஷம் அந்த ஜீப்பின் பின்பக்கப் பலகையில், மடியில் ஃபைல் கட்டும் காலடியில் ஐயாவின் டிபன் கேரியருமாக உட்கார்ந்து, இந்தத் தாண்டிக்குடி மலையை முழுக்க முழுக்கப் பின்னால் ஓடுகிற மலையாகவே பார்த்த மனுஷனுக்கு, ஒருநாளாவது முன்னால் வருகிற மலையைப் பார்க்க வேண்டும் என்று இருக்காதா, இருந்தது, ஓட்டத் தெரியுமா என்பதை அவர் யோசிக்கவே இல்லை, வாங்கியபிறகுதான் அது ஞாபகம் வந்தது. வற்றிய கண்மாயில் முதல்நாள் பழக்கம், கனி ராவுத்தர் சாவியோடு வந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து காத்திருக்கிறார், சன்னாசி பழக்கதோஷத்தில் பின்னால் போய்ப் பலகையில் உட்கார்ந்து அவரும் காத்திருக்கிறார், இரண்டு பேரும் நல்ல வெயிலில் அப்படியே கொஞ்சநேரம், பிறகு ராவுத்தர் மெதுவாகத் திரும்பி, அண்ணே, இப்ப யாரு ஓட்டுறது, என்றார். ஒரு மாதத்தில் ஒரு வழியாகக் கை படிந்தது, டீக்கடைப் பக்கம் ஜீப் வந்தால் பெஞ்சில் இருக்கிறவர்கள் பழைய நினைப்பில் பீடியைக் கீழே போட்டு எழுந்து நிற்பார்கள், அட சன்னாசிடா, என்று தெரிந்ததும் உட்கார்ந்து பீடியைத் தேடுவார்கள், எழுந்ததற்கும் சேர்த்து இரண்டு வார்த்தை ஏசுவார்கள், அவருக்கு அதிலும் ஒரு சந்தோஷம்தான், எழுந்தார்களே.

எழாதவள் ஒருத்தி உண்டு, வீட்டில் இருக்கிறாள், வண்டி வாசலுக்கு வந்த அன்றைக்கு எட்டிப் பார்த்தாள், அந்தச் சனியனையா காசு கொடுத்து வாங்கிட்டு வந்தீங்க, ஊர்ல வேற வண்டியே இல்லையா, நான் செத்தாலும் இதுல என்னைத் தூக்கிப் போட்டுக் கொண்டுபோகக் கூடாது சொல்லிட்டேன், என்று உள்ளே போய்விட்டாள், சொன்னால் சொன்னதுதான், ரேஷன் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு காலி ஜீப்புக்கு முன்னால் நடந்து வருவாள், அவர் பின்னால் ஹாரன் அடிக்காமல் வருவார். இன்றைக்கு மலைமேல் நடுக்காடு என்கிற ஊரில் மகள் சுகந்திக்கு வளைகாப்பு, உச்சிக்கு முன்னால் வளையல் போட வேண்டும், லட்டுத்தட்டும் வளையல் பெட்டியும் பூவும் விடிந்ததுமே ஜீப்பில் ஏறிவிட்டன, பொருள் போகட்டும், நான் பஸ்ஸில வந்துக்குறேன், என்று ஸ்டாப்பில் போய் நின்றாள் அழகுத்தாயி, ஏழரை பஸ் எட்டுக்கும் வரவில்லை, எட்டரைக்கும் வரவில்லை, பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள், எதிரே பைக்கில் இறங்கி வந்த ஒருத்தன் இந்தக் காட்சியைப் பார்த்து, என்ன அண்ணாச்சி, தேரு எந்தக் கோயிலுக்கு, என்று கேட்டுவிட்டுப் போகிறான், சன்னாசிக்குக் காதில் விழவில்லை, அவருக்கு மழைச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது, வெயில் சுள்ளென்று அடிக்கிறது, மழைச்சத்தம் கேட்கிறது, இதே மேடுதான், இதே வளைவுதான், இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய வைகாசி மாசத்துக் கோடைமழை, டிரைவர் லீவு, புதிதாக வந்த ஐயா தானே ஜீப்பை ஓட்டுகிறார், வந்து நாலே நாள்தான் ஆகிறது, நல்ல மனுஷர், பியூனைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட முதல் அதிகாரி, முன்தினம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க சன்னாசி, என்று சாதாரணமாகக் கேட்டார், அந்த மரியாதையில் சன்னாசிக்கு நாக்கு வழுக்கிவிட்டது, டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிருக்காங்கய்யா, என்றார், அழகுத்தாயி அஞ்சாவதோடு நின்றவள், அஞ்சாவதிலும் பாதியில் நின்றவள்.

அந்த டீச்சர்தான் மறுநாள் மழையில் ரோட்டோரம் நிற்கிறாள், தாய்வீட்டிலிருந்து இறங்கி வருகிறாள், தலையில் ஒரு பலாப்பழம், இடுப்பில் ஆறுமாதத்துச் சுகந்தி, குழந்தை மேல் சாக்கு, வலது கையில் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட ஒரு கோழி, ஜீப்பைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து முகமெல்லாம் சிரிப்பாகிறது, கோழியோடு கையைத் தூக்கி நிறுத்தச் சொல்கிறாள், கோழி கத்துகிறது, ஐயா வேகத்தைக் குறைத்து, யாருய்யா அது, கைப்பிள்ளையோட நனையுது, பாவம், ஏத்திக்குவோமா, என்று கேட்கிறார், பின்பலகையில் சன்னாசி பார்க்கிறார், பலாப்பழத்தைப் பார்க்கிறார், கோழியைப் பார்க்கிறார், ட்ரெயினிங் முடித்த டீச்சரை நினைக்கிறார், தெரியலைங்கய்யா, மலைச்சனங்க, நனஞ்சு பழக்கம், நடந்துருவாங்க, என்கிறது அவருடைய வாய், ஜீப் போகிறது, பின்பக்கம் திறந்து கிடக்கிற ஜீப், கண்ணை மூடினாலொழியப் பார்க்காமல் இருக்க முடியாது, தூக்கிய கை தூக்கியபடி, சிரிப்பு மட்டும் இறங்கிப்போய், அவள் சின்னதாகிக்கொண்டே வந்தாள், வளைவு வந்தது. ஒருமணி நேரம் கழித்துச் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்து, ஏன் நிறுத்தல, என்று ஒரே கேள்விதான் கேட்டாள், நான் சொல்லத்தான் செஞ்சேன் புள்ள, அந்த ஐயா விடல, அரசாங்க வண்டியாம், வெளியாளுகள ஏத்தக் கூடாதாம், என்று சொல்லிவிட்டார் சன்னாசி, ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அது இருபத்தேழு வருஷம் உழைக்கும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

உழைத்தது. மழை பெய்யும் போதெல்லாம் அழகுத்தாயி அடுப்படியிலிருந்து அந்த ஐயாவைத் திட்டுவாள், அவன் போற வண்டி நடுக்காட்டுல நிக்க, அவன் விரிச்ச குடை காத்துல போக, அவன் ஊத்துன காப்பியில ஈ விழ, பெரிய சாபமெல்லாம் இல்லை, புள்ளகுட்டிக்காரன் என்று பார்த்துத்தான் இடுவாள், ஆனால் ஒரு மழையைக்கூட விட்டதில்லை, அவர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போனபிறகும் விடவில்லை, ஒருதடவை ஜீப் ஓடையில் சிக்கி ஐயா நாலு மைல் நடந்து வந்தார் என்று கேள்விப்பட்டு அன்று சாயங்காலம் பணியாரம் சுட்டாள், சன்னாசி அந்தப் பணியாரத்தைத் தின்றார், வேறென்ன செய்வார்.

பின்னால் ஹாரன், நெஞ்சைப் பிளக்கிற ஹாரன், கண்ணாடியில் பார்த்தால் பஸ், ஏழரைக்கு வரவேண்டிய பஸ் ஒன்பதேகாலுக்கு வந்து, முந்த இடமில்லாமல் ஜீப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊர்கிறது, ஜன்னல் ஜன்னலாகத் தலைகள், கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, அண்ணே, ஒண்ணு போங்க, இல்ல ஓரங்கட்டுங்க, ஊர்வலமா விடுறீங்க, என்று கத்துகிறான், நிறுத்துங்கன்னா நிறுத்துங்க, என்கிறாள் அழகுத்தாயி, மூச்சு வாங்குகிறது அவளுக்கு, நிறுத்த முடியாது புள்ள, என்கிறார் இவர், முடியாது, முடியாது, அன்னைக்கும் இதத்தானே சொன்னீங்க, ஐயா விடலன்னு, இன்னைக்கு எந்த ஐயா உக்காந்திருக்கான் உள்ள, என்று கேட்கிறாள். சன்னாசி திரும்பிப் பக்கத்து சீட்டைப் பார்க்கிறார், லட்டுத்தட்டு இருக்கிறது, வளையல் பெட்டி இருக்கிறது, வேறு யாரும் இல்லை, ஐயா கேட்டாரு புள்ள, என்று தானாக வாயில் வந்துவிட்டது, என்னது, கேக்கல, என்கிறாள் அவள், இன்ஜின் அப்படி உறுமுகிறது, ஐயா நிறுத்தவான்னு கேட்டாரு, என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறார், பஸ் ஹாரன் அதையும் அமுக்கிவிடுகிறது, என்ன முணுமுணுக்கிறீங்க, வாயத் தொறந்து பேசுங்க, என்றதும் அவருக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டது, அந்த ஐயா நல்லவரு, நிறுத்தி ஏத்திக்குவோம்னு அவராத்தான் கேட்டாரு, நான்தான் நீ யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டேன், என்று அலறினார், அந்த நேரம் பார்த்துப் பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்திருந்தான், கடைசி வார்த்தை பஸ் முழுவதற்கும் கேட்டது.

அழகுத்தாயி நின்றுவிட்டாள். ஜீப் நிற்கவில்லை, அது பாட்டுக்குப் போகிறது, ஆமை மாதிரி, ஆனால் போய்க்கொண்டே, கண்ணாடியில் அவள், ரோட்டோரத்தில், கையில் கோழி இல்லை, மழை இல்லை, பட்டுச்சேலை, அவ்வளவுதான் வித்தியாசம், சின்னதாகிக்கொண்டே வருகிறாள், பஸ் அவள் பக்கத்தில் போய் நிற்கிறது, ஏறுங்கக்கா, நடுக்காடுதானே, சீட்டு தர்றோம், என்று கண்டக்டர் கை நீட்டுகிறான், அவள் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைப்பது கண்ணாடியில் துல்லியமாகத் தெரிகிறது, ராவுத்தர் சொன்னதெல்லாம் சன்னாசிக்கு மறந்துபோயிற்று, போனால் போகிறது, உருண்டால் உருளட்டும், இவளை இன்னொரு தடவை விட்டுவிட்டுப் போக என்னால் ஆகாது, என்று இரண்டு காலையும் கிளட்ச்சிலும் பிரேக்கிலும் ஏற்றி மிதிக்கிறார், ஜீப் நின்றது, ஒரு கணம் அழகாக நின்றது, அவரே ஆச்சரியப்பட்டார், அந்த ஆச்சரியத்தில் பிரேக்கில் இருந்த கால் தளர்ந்தது, பிறகு ராவுத்தர் சொன்னபடியே பின்னால் உருள ஆரம்பித்தது, ஐயோ ஐயோ, என்று பஸ்ஸுக்குள் கூச்சல், லட்டு ஒன்று தட்டிலிருந்து குதித்து ஓடுகிறது, கல்லு போடு, கல்லு போடு, என்று கண்டக்டர் கத்துகிறானே தவிர இறங்கவில்லை, இறங்கியது அழகுத்தாயிதான், படியிலிருந்து காலை எடுத்து, ஓரத்தில் கிடந்த ஒரு பாறாங்கல்லை இரண்டு கையாலும் தூக்கி, உருண்டு வருகிற வலப்பக்கப் பின்சக்கரத்துக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டாள், டங்கென்று ஒரு சத்தம், ஜீப் உட்கார்ந்தது, டிரைவர் சீட் நேராக அவள் பக்கத்தில். நிறுத்தச் சொன்னா பின்னாடியே வந்துட்டீங்களே, என்றாள்.

அவள் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் ஏறினாள், லட்டுத்தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள், முதுகைச் சாய்த்தாள், நடந்துக்கிட்டே திட்ட முடியல, மூச்சு வாங்குது, உக்காந்து திட்டுறேன், என்றாள், அந்த மனுஷன இத்தன வருஷமா திட்டுன திட்டு அம்புட்டும் வீணாப் போச்சே, சுகந்தி கல்யாணத்துக்கு வந்தவருக்கு எலையில பாயசம் விடாதன்னு பந்தியில போய் நான்தானே சொன்னேன், அவரு வெறும் எலையப் பாத்துக்கிட்டே இருந்தாரே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர்ட்டப் போயி மன்னிப்புக் கேப்பேன், எதுக்கு என்னத் தெரியாதுன்னீங்க, என்று அவர் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிருக்கன்னு மொத நாளு அவர்ட்டப் பெருமையடிச்சிட்டேன் புள்ள, என்றார் சன்னாசி, கோழியோட நின்னியா, உன்னப் பாத்து எனக்கு வெக்கமாப் போச்சு, இன்னைக்கு என்னைப் பாத்தா எனக்கு வெக்கமா இருக்கு. நானு, டீச்சரு, என்றாள் அழகுத்தாயி, திட்டுவதற்காகத் திறந்த வாயில் சிரிப்பு பாதி வந்து மாட்டிக்கொண்டது, அவள் அதை விடவும் இல்லை, விழுங்கவும் இல்லை. பஸ்காரன் மறுபடியும் ஹாரனைப் பிடித்துக்கொண்டான், கண்டக்டர் இறங்கி வந்து ஜீப்பைத் தட்டி, அண்ணே, வண்டிய எடுங்கண்ணே, எவ்வளவு நேரம்தான் நாங்க நிக்கிறது, என்றான், சன்னாசி பதறி கியர் கம்பியைத் தொட, அவள் அந்தக் கை மேல் தன் கையை வைத்தாள், நிக்கட்டும், நான் நின்னேன்ல, என்றாள், நீங்க சொல்லுங்க, மொதல்ல இருந்து சொல்லுங்க, அந்த ஐயா என்ன கேட்டாரு, நீங்க என்ன சொன்னீங்க, ஒண்ணுவிடாம, என்றாள். சன்னாசி பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.