திறக்காத பக்கமும் நாற்பத்தேழு பேரும்

மறுநாள் காலை பத்து மணிக்குச் செயற்கைக்கால் முகாம். பெரம்பலூரில் ஏற்பாடு செய்திருந்த மண்டபம் முந்தின நாள் மழையில் ஒழுகி, முகாமை அரியலூருக்கு மாற்றும்படி ஆகிவிட்டது. பெயர் கொடுத்திருந்த நாற்பத்தேழு பேருக்கும் அதைச் சொல்லியாக வேண்டும். அவர்களுடைய போன் நம்பர்கள் அறக்கட்டளையின் இணையதளத்துக்குள் மட்டுமே இருந்தன. அதன் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தால்தான் எடுக்க முடியும். மதியத்திலிருந்து எத்தனை தடவை முயன்றும் அந்தப் பக்கம் திறக்கவில்லை.

"சுத்துது, சுத்துது, அப்பறம் வெள்ளையா நிக்குது டீச்சர்" என்றார் வேன் ஓட்டும் லூர்துராஜ். "என் போன்லயும் அதே கதைதான்."

"நிக்காம என்ன செய்யும்? அந்தப் பஞ்சநாதன் பூட்டிட்டுப் போயிருக்கான்!"

ஆனி ரோஸ் டீச்சர் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின் அறக்கட்டளையைப் பார்த்துக்கொள்பவர். பஞ்சநாதன் அங்கே மூன்று வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். போன மாதம் தாமதமாக வந்ததற்காக அவனை எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டினார். மறுநாளே நின்றுவிட்டான். இப்போது குன்னத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான்.

அவனுக்குப் போன் போட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணல டீச்சர். என்ன வருதுன்னு மொதல்ல..."

"நடிக்காத!" என்று வைத்துவிட்டார். "வண்டிய எடுங்க லூர்து. நேர்லயே போய்க் கேக்கறேன்."

வேனில் ஜெபமாலையைக் கையில் எடுத்தார். பரலோக மந்திரத்தில் மன்னிப்பைச் சொல்லும் இடம் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. மாலையைப் பையில் போட்டு வெடுக்கென்று மூடினார். ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள், நாளைக்குப் பூட்டிய மண்டபத்து வாசலில் நிற்பார்கள். அதை நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

கடையில் பட்டா நகல் எடுக்க இரண்டு பெண்கள் நின்றார்கள். டீச்சர் படியேறும்போதே தொடங்கிவிட்டார்.

"என்மேல கோவம்னா என்னோட வச்சுக்க. காலில்லாதவங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்காத! சம்பளம் குடுத்த எடத்துக்கே குழி தோண்டுறியே, நீ நல்லாருப்பியா?"

பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பஞ்சநாதனின் காது சிவந்தது. ஆனாலும் நகல்களை அடுக்கி, பின் அடித்து, அவர்களிடம் கொடுத்தான். பிறகு தன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"உக்காருங்க. பாஸ்வேர்ட நீங்களே போடுங்க." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

டீச்சர் ஆத்திரத்தோடு ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார். பக்கம் திறந்தது.

"இங்க தொறக்குது!" என்றார் லூர்துராஜ்.

"பூட்டியிருந்தா எங்கயும் தொறக்காதுண்ணே" என்றான் பஞ்சநாதன். "தப்பான பாஸ்வேர்டு திரும்பத் திரும்ப ஒரே எடத்துலேர்ந்து வந்தா, திருடன்னு நெனச்சு அந்த எடத்தையே தடுத்துரும். உங்க ஆபீஸ் இணைப்ப மட்டும் தடுத்துருக்கு. உங்க போனும் ஆபீஸ் வைஃபைலதான இருந்துச்சு?"

"நாங்க தப்பா போடலயே" என்றார் டீச்சர்.

"மெயில் பாஸ்வேர்ட மாத்துனீங்களா?"

டீச்சர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "நேத்து சாயந்தரம்."

"மெயில் பாக்கற டேப்லெட்ல மாத்திருக்க மாட்டீங்க. அது பழசையே போட்டுத் தட்டிக்கிட்டே கெடக்கும். மெயிலும் வெப்சைட்டும் ஒரே கம்பெனிதான், மொத்தமா அடைச்சிருவான். டேப்லெட்ல புதுச போட்டுட்டு, தடுப்ப எடுக்கச் சொல்லி கம்பெனிக்கு எழுதுங்க. எடுத்துருவாங்க."

ஏன் மாற்றினீர்கள் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், நீ எட்டிப் பார்ப்பாய் என்றுதான் மாற்றினேன் என்று டீச்சர் சொல்லியிருக்க வேண்டும். அவன்மேல் வைத்த சந்தேகம்தான் ராத்திரி முழுக்கத் தன் அலுவலகக் கதவைத் தானே இடித்து அடைத்திருக்கிறது. வரும் வழியெல்லாம் அவனுக்கென்று சேர்த்து வைத்திருந்த கோபம் அப்படியே இருந்தது. இறக்கி வைக்கத்தான் ஆளில்லை. கடைசியில் அது தன் பக்கமே திரும்பியது.

பட்டியல் அச்சாகி வந்தது. பஞ்சநாதன் அதை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை எடுத்துக்கொண்டான்.

"உனக்கெதுக்குப்பா, கடைய விட்டுட்டு..."

"எனக்குக் கோவம் இல்லன்னு நெனச்சுக்காதீங்க" என்றான், முகம் பார்க்காமல். "எரியுது. ஆனா இதுல பாதிப் பேர எழுதிச் சேத்தது நானு. நம்பர அழுத்துங்க."

கிழித்த தாளை டீச்சர் பிடித்திருந்தார். பட்டா நகல் வாங்கிய பெண்கள் இன்னும் கடைவாசலைவிட்டு நகரவில்லை. அவர்கள் காதில் விழும்படியாகவே சொன்னார்: "தப்பு இவன் மேல இல்லம்மா. என் மேலதான்." பிறகு முதல் நம்பரை அழுத்தினார்.

ஒரு மணி நேரத்தில் நாற்பத்தாறு பேரிடமும் சொல்லியாயிற்று. அய்யாக்கண்ணு என்பவருடைய போன் மட்டும் அணைந்து கிடந்தது.

"எனக்கு வூடு தெரியும்" என்று பஞ்சநாதன் கடையின் ஷட்டரை இழுத்தான். வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். குன்னத்தைத் தாண்டி மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவில் மூன்று கிலோமீட்டர் ஓடியது வண்டி. டீச்சர் இரண்டு தடவை வாயெடுத்து, அவனுடைய விறைத்த பிடரியைப் பார்த்து அடங்கிப்போனார்.

அய்யாக்கண்ணு வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். ஒரு கால் முழங்காலோடு நின்றிருந்தது. நாளைக்கு உடுத்த வேட்டியை மடிமேல் வைத்துத் தேய்த்துத் தேய்த்து மடிப்பு நீவிக்கொண்டிருந்தார்.

"யாரு, பஞ்சநாதனா? என்னப்பா, முகாம் இல்லன்னு ஆயிடுச்சா?" அவர் குரல் பதறியது.

"இருக்குங்கய்யா. அரியலூருக்கு மாத்திருக்கு. உங்க போனுக்குப் போகல. பெரம்பலூர் பஸ் ஏறிட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு டீச்சர் நேராவே வந்துட்டாங்க."

பெரியவர் டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினார். "எனக்காகவாம்மா இம்புட்டுத் தூரம்?"

பஞ்சநாதனின் முகம் இன்னும் கடுகடுப்பாகத்தான் இருந்தது. அந்த முகத்தோடுதான் அவன் டீச்சருக்கு அந்தக் கும்பிடை வாங்கிக் கொடுத்திருந்தான்.

"நாளைக்குக் காலையில வேன் வரும்யா" என்றார் டீச்சர். "பஸ் ஏற வேணாம்."