துடைத்த வட்டங்கள்

அவர் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் டொக்டொக். எந்தச் சுவரைப் பார்த்தாலும் சுத்தியல் காம்பால் நாலு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. சிமென்ட் பூச்சு உள்ளே கழன்றிருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசாமல், டைல்ஸுக்கு முன் அடிக்கிற பிரைமர் டப்பாவைத் திறக்கவே மாட்டார்.

என்ன பிரயோஜனம்? ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. சொந்த வீட்டுச் சுவரை மனுஷர் ஒருநாளும் தட்டிப் பார்த்ததில்லை. மாமியார் பாத்ரூமில் வழுக்கி, துண்டு போடும் கம்பியைப் பிடிக்க, அது பூச்சோடு பெயர்ந்து கையில் வந்தது. மணிக்கட்டு முறிந்து, மூத்த மகள் வீட்டுக்குப் போனவர்தான். அங்கே சோற்றுக்குக் குறைவில்லை, பேச்சுத் துணைக்குத்தான் பஞ்சம். “செவுத்தச் சரி பண்ணி, பிடிச்சுக்க நல்ல கம்பி ஒண்ணு வைங்க. அப்புறம் அம்மாவ அனுப்பறேன்” என்று மூத்தவள் கறாராகச் சொல்லிவிட்டாள். இளையவளுக்கு, அதாவது இவர் மனைவிக்கு, அம்மா இல்லாத வீடு வீடாகவே இல்லை.

பகலெல்லாம் யார் வீட்டுச் சுவருக்கோ உழைத்துவிட்டு, மாலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வீட்டுச் சுவரைச் சுரண்டினார். பழைய பெயின்ட் முழுக்க உதிர்ந்தபின் தட்டிப் பார்த்து, கழன்ற இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தார். மறுநாள் வந்து கொத்தலாம் என்று நினைப்பு.

மறுநாள் வந்தார். கைகால் அக்கக்காகக் கழன்று போயிருந்தது. மனைவி மூக்கில் ஒரு சொட்டு நீலப் பிரைமரோடு வாசலிலேயே நின்றாள்.

“வந்து பாருங்களேன்!”

சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே நீலம். உருளையால் சீராக அடித்திருந்தாள். திட்டு இல்லை, ஒழுகல் இல்லை. அவரே அடித்திருந்தாலும் இவ்வளவு பாந்தமாக வந்திருக்காது.

“லீவு போட்டுட்டேங்க. தூசி மேல பிரைமர் அடிச்சா ஒட்டாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? மொதல்ல நல்லாக் கழுவி, காயவிட்டுத்தான் அடிச்சேன்.”

“அந்த வட்டமெல்லாம்?”

“அழுக்கு எங்கெங்க இருக்குன்னு போட்டு வெச்சிருந்தீங்களே, அதுவா? அங்கெல்லாம் ரெண்டு தடவ தேச்சேன்.”

அடக் கடவுளே! கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. நாளெல்லாம் நின்று அடித்தவளின் தோளைப் பார்த்தார். கொத்தினால் மறுபடி பூச வேண்டும், பூசினதை நாள்கணக்கில் காயவிட வேண்டும், திரும்பவும் பிரைமர். நினைக்கும்போதே முதுகு விண்ணென்றது. கழன்ற பூச்சு என்ன, இன்றைக்கேவா விழப்போகிறது? டைல்ஸ் மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்?

“நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஒட்டிரலாம்” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அவள் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டினாள். “அம்மா, செவுரு ரெடி! அவரே பாத்து நல்லாருக்குன்னுட்டாரு.”

“மாப்பிள்ளை தட்டிப் பாத்தாரா?”

“பின்ன? அவரு தட்டாத செவுரா?”

“அவரு தட்டினாருன்னா சரி. இனிமே எந்தக் கம்பியையும் தொடவே கூடாதுன்னு இருந்தேன் பாப்பா. அவரு வெச்சதுன்னா பிடிப்பேன்.”

அவருக்குச் சுருக்கென்றது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சுத்தியலை எடுத்துவந்து, கம்பி வைக்க வேண்டிய இடத்தில் காம்பால் தட்டினார். நல்ல சுவர் ‘டக்’ என்று சொல்லும். இது ‘டொப்’ என்றது.

அந்தச் சத்தம் போன் வழியாக மாமியாருக்கும் கேட்டுவிட்டது.

“இதே சத்தந்தான் மாப்பிள்ளை. துண்டு போடும்போதெல்லாம் கம்பி செவுத்துல இடிச்சு இப்படித்தான் கேக்கும். உங்ககிட்ட சொல்லணும்னு நெனைப்பேன். வேலை முடிஞ்சு அசந்து வர்ற மனுஷனுக்கு இது வேறயான்னு விட்டுருவேன்.”

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். “அப்போ அந்த வட்டமெல்லாம் அழுக்கு இல்லையா?”

“இல்லம்மா.”

“அப்புறம் ஏங்க நல்லாருக்குன்னீங்க?”

“முடியல. அதான்.”

அவள் கண் கலங்கிவிட்டது. “அம்மா, இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கு…”

“ஆகட்டும், ஆகட்டும். எனக்கென்ன இங்க குறை?” என்றது போன். குரல் மட்டும் கம்மிப் போயிருந்தது.

அவர் போனை வாங்கினார். “அத்தை, நீங்க நாளைக்கே வாங்க. செவுத்துக்காக நீங்க ஏன் அங்க உக்காந்திருக்கணும்? கம்பி வர்ற வரைக்கும் உங்க பொண்ணு கையப் பிடிச்சுக்குங்க. அக்காகிட்ட நான் பேசறேன். நான் தட்டும்போது நீங்களும் பக்கத்துல இருந்து கேளுங்க. என் காதும் இப்போ அசந்துதான் போச்சு.”

“பையெல்லாம் எடுத்து வைக்கணுமே அம்மா” என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“பையா? இங்க வந்த அன்னிக்குக் கட்டினது. நான் பிரிக்கவே இல்லையே.”

மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். உளியை அவளே எடுத்து, அவர் கைகாட்டிய இடத்தில் வைத்து அடித்தாள். நீலம் பூசின பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது.