மீரா உசேன் கையில் விழுந்த முத்திரை

டீயில் சர்க்கரை போதவில்லை என்று சொன்னதுதான் மீரா உசேன் செய்த கடைசிச் சாதாரணக் காரியம். அடுத்த நிமிடம் நாற்காலியில் சட்டையும் கைலியும் மட்டும் இருந்தன. அவர் மனைவி லத்தீஃபா அலறவில்லை. இன்ன நாள் என்று ஒரு வருஷமாக அவளுக்குத் தெரியும்.

திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீஸில் பதிவறை அவர் பொறுப்பில் இருந்தது. பாதி ஊர் வளைகுடாவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அரசாங்கக் காகிதங்களைப் பேணும் முறையைக் கற்றுக்கொடுக்க டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து மாதங்கி என்கிற அதிகாரி வந்தார். கும்பகோணத்துப் பெண். முடிந்த ஃபைலில் ஆர் முத்திரை விழுந்தால் நிரந்தரம். டி என்றால் பத்து வருஷம். எல் என்றால் ஒரே வருஷம், பிறகு கழித்துவிட வேண்டும். ரப்பர் முத்திரைகள் சித்திரை வெயிலில் இளகியதால், தாசில்தார் வாஞ்சிநாதன் சுவாமிமலையில் சொல்லி மூன்றையும் பித்தளையில் வார்த்து வாங்கினார். சாமி வார்க்கிற கைகளுக்கு அரைகுறையாக வார்க்கத் தெரியாது. எல் போட்ட கட்டுகள் வருஷம் முடிந்த அன்று யாரும் தொடாமலே அலமாரியை விட்டுப் போயின. ஆர் போட்ட கட்டுகளைக் கரையான் தொடாமல் விலகிப் போனது. ஆபீஸில் இதை ஒரு வசதி என்று எடுத்துக்கொண்டார்கள்.

மீரா உசேன் பழகுவதற்காக முத்திரைகளை வீட்டுக்கும் கொண்டுவந்தார். மகன் தௌபீக் ஷார்ஜாவுக்குப் போனபோது வாசலில் விட்ட செருப்புக்கு ஆர் போட்டார். அவன் வந்து வந்து போகிறான், செருப்பு தேயவில்லை. மை பிடித்திருக்கிறதா என்று புறங்கையில் ஒற்றிப் பார்ப்பது பதிவறைக்காரர்களின் பழக்கம். ரப்பர் காலத்தில் அதனால் ஒன்றும் ஆனதில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் அவர் பித்தளையையும் ஒற்றிவிட்டார். விழுந்தது எல்.

சோப்பு, புளி, எலுமிச்சை எதற்கும் அது போகவில்லை. மறுபயிற்சிக்கு மாதங்கி வந்தபோது லத்தீஃபா நேரே போய்க் கேட்டாள்.

"கெடு முடியறதுக்குள்ள மேல ஆர் விழுந்தா எல் செல்லாதும்மா. ஆனா பதிவேட்டுல காரணம் எழுதணும்."

"காரணம் என்னங்க, என் வீட்டுக்காரர்."

"அதையே எழுதுங்க. போதும்."

மீரா உசேன்தான் கையை நீட்ட மறுத்தார். "வகுப்புல முதல் மார்க் வாங்கினவன் நான். நானே இப்படிச் செஞ்சா, ஒவ்வொருத்தியும் புருஷனைக் கூட்டிக்கிட்டு வரிசையில நிப்பா. ரூம்ல இடம் இருக்கா, சொல்லு?"

"உங்களுக்கு இடம் நான் தர்றேன். கையை நீட்டுங்க."

"நல்லாப் பேசுற. ஆனா போட்டது போட்டதுதான்."

அந்த வருஷம் அவர் குத்தாலம் வரைக்கும் போய் வகுப்பெடுத்தார். எதை வைத்துக்கொள்வது என்று தெரிந்தவன்தான் எதையும் விடத் தெரிந்தவன் என்று அங்கே சொன்னாராம். லத்தீஃபாவுக்கு அந்தப் பாடம் பிடிக்கவில்லை. கடைசி நாளுக்கு முந்தின மாலை அவள் வாஞ்சிநாதனிடம் போய் ஆர் முத்திரையைக் கேட்டாள். "நாளைக்குச் சாயங்காலம் குடுத்துடுங்கம்மா, ஜமாபந்தித் தணிக்கை வருது" என்று எடுத்துக் கொடுத்தார்.

காலையில் மை தடவி, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அவர் டீயில் பாதியைக் குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைத்தார். கை அதன் மேலேயே இருந்தது. அவள் ஓங்கி வைத்த நேரத்தில், "சர்க்கரை போதலியே" என்று டம்ளரை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஆர் டம்ளரில் விழுந்தது.

உடல் இல்லாததால் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா என்கிற இறுதித் தொழுகை தொழுதார்கள். முத்திரையைத் துடைத்து, சொன்னபடி சாயங்காலமே கொடுத்தனுப்பினாள். முத்திரை வாங்கும்போது பதிவேட்டில் காரணம் என்கிற இடத்தில் தான் எழுதிய 'என் வீட்டுக்காரர்' என்பதை அவள் அடிக்கவில்லை, வாஞ்சிநாதனும் அடிக்கவில்லை. பதிவறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வாஞ்சிநாதன் ஓய்வு பெற்றார். தௌபீக்குக்குச் சபிஹாவைக் கட்டிவைத்தார்கள். அடுப்படி மாடத்தில் அந்த டம்ளர் இருக்கிறது. மார்கழிக் குளிரில் சபிஹா அதைப் பிடித்து உள்ளங்கையைச் சூடாக்கிக்கொள்கிறாள். எத்தனை வாய் குடித்தாலும் டீ பாதிக்குக் கீழே இறங்குவதில்லை. லத்தீஃபா ஒருமுறை ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடித்துப் பார்த்தாள்.

சர்க்கரை போதவில்லை.