எண்ணெய்க் கை

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற காலை பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து பிரித்திகாவின் குரல் வருவதைத் தஸ்லிமா டீச்சர் கேட்டாள். முதலில் அந்தப் பிள்ளைதான் பஸ்ஸில் இருக்கிறாளோ என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள். இல்லை. காலேஜ் பையன்கள் இரண்டு பேர் ஒரே போனில் குனிந்திருந்தார்கள். குரல் அதிலிருந்துதான் வந்தது. "ஒரு தோட்டத்தில் உள்ள மரங்களின் எண்... எண்ணெ... எண்ணெய்க் கை யாது." அடுத்து ஓர் ஆண்குரல். "எண்ணெய்க் கையா? காலைல வடை சுட்டுட்டு கை கழுவாம வந்துட்டியாட்டி?" வகுப்பு மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பின் மேல் யாரோ ஒரு நடிகரின் சிரிப்பை ஒட்டி, உறுமி மேளச் சத்தத்தையும் சேர்த்திருந்தார்கள். வீடியோ முடிந்து மறுபடி தானாக ஆரம்பித்தது. மறுபடி பிரித்திகா எழுத்தெழுத்தாகத் தடவினாள். மறுபடி சிரிப்பு. பையன்களும் சிரித்தார்கள்.

"தம்பி, அத நிறுத்துங்க" என்றாள் தஸ்லிமா.

"காமெடிதான, அக்கா."

"அது எம் புள்ள."

பையன்கள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகப் போனை அணைத்தார்கள். ஒருவன் ஸாரி சொன்னான். பெற்ற பிள்ளை என்று நினைத்துவிட்டார்கள். அவள் திருத்தவில்லை. எட்டயபுரத்துக்கு முன்னாலேயே இறங்கி, பள்ளிக்கூடத்துக்குப் போகிற கிளைப்பாதையில் நடந்தபோது, முந்தின நாள் மழையில் ஊறிய கரிசல் மண் ஒவ்வொரு அடிக்கும் செருப்பைப் பிடித்து இழுத்தது. அவள் அதைவிட வேகமாகக் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்தாள்.

அந்த ஆண்குரல் அவளுக்குத் தெரிந்த குரல். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் அவளோடு வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார் சங்கரபாண்டியனுடையது. பிள்ளைகளோடு ஆடுவார், பாடுவார், கணக்கைக் கதையாகச் சொல்வார், எல்லாவற்றையும் போனில் எடுத்துப் போடுவார். வெளிநாட்டிலிருக்கிறவர்கள்கூட அவருடைய வீடியோக்களைப் பார்த்தார்கள். ஒரு விழாவில் சால்வை போட்டார்கள். அவர் மோசமான வாத்தியாரும் இல்லை. அவர் வகுப்பில் பிள்ளைகள் தூங்கியதில்லை. அதுவே தஸ்லிமாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. தெரியாதவன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டிருக்கலாம்.

பிரித்திகா ஏழாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு முழுக்கக் கொரோனாவில் போய், அதன்பிறகு எழுத்துகள் அவளுக்கு ஒன்றோடொன்று சேரவே இல்லை. வகுப்பில் யாராவது வாசிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிறது என்பாள். தஸ்லிமா இந்த வருஷம் சத்துணவு முடிந்ததும் அவளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய் உட்கார்த்திவைத்து, முதலில் பஸ் போர்டு, பிஸ்கட் கவர், பிறகு பாடப்புத்தகம் என்று கொண்டுவந்திருந்தாள். புரட்டாசி வாக்கில் ஒரு நாள் பிரித்திகா ஒரு பத்தியை நிற்காமல் வாசித்துவிட்டு, தான்தான் வாசித்தோமா என்பதுபோல் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு கணக்கு வகுப்பில் அவளே கையைத் தூக்கி, நான் வாசிக்கேன் சார் என்று எழுந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதைத்தான் சங்கரபாண்டியன் போனில் எடுத்திருக்கிறார்.

ஆசிரியர் அறையில் சங்கரபாண்டியன் டீ குடித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் சண்முகராஜும் இருந்தார்.

"அந்த வீடியோவ எடுத்துருங்க சார்" என்றாள், நின்றபடியே.

"கமெண்ட்ட வாசிச்சுப் பாருங்க டீச்சர். எல்லாரும் பாப்பா அழகு, வெள்ளந்தின்னுதான் போட்டிருக்காவ. ஒருத்தராவது தப்பா பேசியிருக்காவளா?"

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கிளாஸ்ல எடுக்கதுக்கெல்லாம் கேட்டுட்டா இருப்பாவ? அவளே சிரிச்சாளே."

"ஒரு வகுப்பே சிரிக்கும்போது அவ அழவா முடியும்?"

சண்முகராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுபெற அதிகக் காலம் இல்லாத மனிதர், பிரச்சினை என்றாலே கண்ணாடியைத் துடைப்பார். "தஸ்லிமா, நமக்குள்ள பேசித் தீத்துக்கிடுவோம். போன வருஷம் இந்த ஸ்கூல மூடிருவாவன்னு நின்னோம். சார் வீடியோவப் பாத்துத்தான புள்ளைய வந்து சேருது. அந்த ஸ்மார்ட் போர்டு எப்படி வந்துச்சு, யோசிச்சுப் பாருங்க."

"அதுக்குப் பதிலா நாம புள்ளையக் குடுத்துட்டோமா சார்?"

சண்முகராஜ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மணி அடித்தது. அன்று ஏழாம் வகுப்பில் பிரித்திகாவின் இடம் காலியாக இருந்தது. அவளுக்கு என்ன என்று கேட்டதற்குக் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "எண்ணெய்க்கை வரல டீச்சர்" என்றான். அவன் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அவளுடைய பெயர் அதுதான் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னான். தஸ்லிமா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள். அடித்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. அடிக்க வேண்டியது அவனை அல்ல.

அந்த வாரம் முழுக்க பிரித்திகா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தஸ்லிமா அவள் வீட்டுக்குப் போனாள். அம்மா பாண்டிச்செல்வி தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள்; ஊரில் அதை ஆபீஸ் என்பார்கள். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு டீச்சருக்கு நாற்காலி போட்டாள். பிரித்திகா உள்ளே இருட்டில் பாய்மேல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஆபீஸ் வேன்ல புதுசா ஒரு பொண்ணு வருது, டீச்சர். வெளியூர்க்காரி. அக்கா இதப் பாரேன், ஒரே சிரிப்புன்னு எங்கிட்டயே காட்டுதா. எம்மவன்னு அவளுக்குத் தெரியாது. மத்தவளுவளுக்குத் தெரியும். ஒருத்தியும் பேசல. எல்லாரும் ரோட்டப் பாக்காளுவ." பாண்டிச்செல்வி வாளியிலிருந்த சட்டை ஒன்றை எடுத்து முறுக்கினாள். முறுக்கி முடிந்த பிறகும் விடாமல் முறுக்கினாள். "நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நானும் சிரிச்சேன். இது எம்மவன்னு சொல்ல அந்த நேரத்துல வாய் வரல. சார் எம் புள்ளைய மட்டுமா கேவலப்படுத்துனாரு? அவளப் பெத்த வாயையும்லா அடைச்சுட்டாரு."

அப்போதுதான் தெருவில் பைக் வந்து நின்றது. சங்கரபாண்டியன் வெள்ளைச் சட்டையில் இறங்கினார். கையில் பளபளப்பான புதுப் புத்தகப்பை. பின்னாலிருந்து இறங்கிய ஆள் ஒரு குச்சியில் போனை மாட்டி, இறங்கும்போதே எடுக்க ஆரம்பித்திருந்தான். தஸ்லிமாவைப் பார்த்ததும் வாத்தியாரின் நடை ஒரு கணம் தடுமாறியது. பிறகு கையெடுத்துக் கும்பிட்டபடியே வந்தார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்கிடாதீங்க. பாப்பாவக் கூப்பிடுங்க. மன்னிப்புக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

"அத மடக்கச் சொல்லுங்க சார்" என்றாள் பாண்டிச்செல்வி, போனைக் காட்டி.

"இல்லம்மா, நான் மன்னிப்புக் கேட்டது எல்லாருக்கும் தெரியணும்லா?"

"எம்மவ அசிங்கப்பட்டதுதான் ஊரெல்லாம் தெரிஞ்சுது. மன்னிப்பாவது வீட்டுக்குள்ள இருக்கட்டும்."

குச்சி பிடித்த ஆள் இன்னும் நெருங்கினான். பாண்டிச்செல்வியின் முகத்துக்கு, பிறகு அவள் தோளுக்குப் பின்னால் இருட்டாகத் தெரிந்த வாசலுக்குக் குறி வைத்தான். தஸ்லிமா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நேராகப் போய் அந்தப் போனின் கண்ணை உள்ளங்கையால் மூடிப் பிடித்தாள். அவன் இழுத்தான். அவள் விடவில்லை.

"டீச்சர், தேவையில்லாம பெருசாக்குதீங்க" என்றார் சங்கரபாண்டியன். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. தனக்கு அநியாயம் நடப்பதாகவே அவர் நினைத்தார். "நான் இந்தப் புள்ளைகளுக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். செஞ்சது அத்தனையையும்தான் படம் புடிச்சு வச்சிருக்கீங்களே."

பாண்டிச்செல்வி அவர் கையிலிருந்து பையை வாங்கினாள். ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்து அவர் சிரிக்கக்கூடத் தொடங்கினார். அவள் தெருவில் இறங்கி பைக்கின் சீட்டில் அதை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து துணியை அலசினாள். பைக் கிளம்பிப் போகும்வரை நிமிரவில்லை.

வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகு உள்ளேயிருந்து பிரித்திகா பேசினாள். சுவரைப் பார்த்தபடியேதான். "டீச்சர், அது எண்ணிக்கைதான?"

"ஆமாட்டி."

"எனக்கு அப்பவே தெரிஞ்சிட்டு. எல்லாரும் சிரிச்சு முடிச்சதும், எண்ணிக்கை யாதுன்னு திருப்பி வாசிச்சேன். கணக்கும் போட்டேன். சரின்னு சொல்லி சார் கைகூடத் தட்டச் சொன்னாவ." அவள் சுவரை நகத்தால் கீறினாள். "அத வெட்டிட்டாவ."

தஸ்லிமா பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கடைசிச் சொல் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. அதுவரை அவளுக்கு இருந்தது கோபம். யோசனையில்லாமல் செய்துவிட்டார், விளம்பர ஆசை என்று அதற்குள் ஒரு மூலையில் அவருக்காக ஒரு சமாதானமும் இருந்தது. இப்போது அந்த மூலை இல்லை. அந்த மனிதர் ராத்திரி தன் வீட்டில் உட்கார்ந்து, பிள்ளை திருத்தி வாசித்ததைக் கேட்டிருக்கிறார். இது தேவையில்லை என்று முடிவுசெய்து, விரலால் தள்ளி, வெட்டியிருக்கிறார். ஒரு பிள்ளை தெரியாததிலிருந்து தெரிந்ததற்கு வந்து சேரும் அந்த இடத்துக்காகத்தானே பள்ளிக்கூடம் என்று ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறார்கள்? அதைத்தான் வெட்டினார். அது சிரிப்பாக இல்லை என்பதற்காக.

மறுநாளே கல்வி அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அதன்பிறகு மதியச் சாப்பாட்டில் யாரும் அவள் பக்கம் டப்பாவை நகர்த்தவில்லை. கற்பகம் டீச்சர் மட்டும் தனியாகப் பிடித்து, "நீங்க சொல்லுதது நியாயந்தான். ஆனா நாளைக்கு நம்ம மேலயும் இப்படி எழுதிப் போட்டா?" என்றாள். சங்கரபாண்டியன் வீடியோவை நீக்கிவிட்டார். அதற்குள் வேறு யார் யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அவருக்கு ஆதரவாக, நல்ல வாத்தியாரைத் துரத்தாதீர்கள் என்று தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் எழுதினார்கள். தஸ்லிமாவின் பெயரையும் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். தன்னைப் பற்றி எழுதியிருந்ததை அவள் வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி நிதானமான மனிதர். தலைமையாசிரியர் அறையில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தார். முந்தின நாளே சண்முகராஜ் ஏழாம் வகுப்புக்குப் போய், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். பிள்ளைகள் வரிசையாக வந்து, சார் நல்ல சார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது பொய்யும் அல்ல. பிரித்திகாவைப் பாண்டிச்செல்வி கூட்டிவந்திருந்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அறைக்கு வெளியே தூணில் சாய்ந்து நின்றாள்.

அதிகாரி பிரித்திகாவைப் பார்த்துச் சிரித்தார். மேசையிலிருந்த ஏழாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து அவள் பக்கம் தள்ளினார். "பயப்படாத பாப்பா. இந்தப் பத்திய வாசி, பாப்போம்."

"எதுக்கு சார்?" என்றாள் தஸ்லிமா.

"இல்லம்மா, பொண்ணுக்கு உண்மையிலேயே வாசிக்க வருமான்னு தெரிஞ்சாத்தான், சாரு ஜோடிச்சு எடுத்தாரா, இல்ல நடந்ததத்தான் எடுத்தாரான்னு சொல்ல முடியும். ரெண்டும் வேறதான?"

சங்கரபாண்டியன் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. சண்முகராஜ் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். தஸ்லிமா நாற்காலியை விட்டு எழுந்தாள். "விசாரண யாரு மேல சார்?" என்றாள். குரல் அவள் எண்ணியதைவிடப் பெரிதாக வந்து, வராந்தாவில் நின்றவர்கள் திரும்பினார்கள். "வாசிக்கத் தெரியாத புள்ளைன்னா சிரிக்கலாமா? தெரியாம இருக்கப்போய்த்தான இங்கன வருது? அவளுக்கு எல்லாம் தெரிஞ்சா நாம எல்லாரும் எதுக்கு சம்பளம் வாங்குதோம்?"

"டீச்சர், உக்காருங்க. உங்க மேலயும் புகார் வந்திருக்கு. அதையும் நான் கேக்கணும்."

"கேளுங்க. மொத அந்தப் புத்தகத்த மூடுங்க."

அதற்குள் பிரித்திகா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்திருந்தாள். அறை முழுவதும் அவளையே பார்த்தது. அவள் கண்கள் வரிகளின் மேல் போனதைத் தஸ்லிமா பார்த்தாள். உதடு அசையாமல், இடமிருந்து வலமாக, ஒவ்வொரு வரியாக, பத்தி முடியும்வரை போயின. பிறகு பிரித்திகா நிமிர்ந்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

"தெரியலையா பாப்பா?"

"தெரியும். மாட்டேன்."

அதிகாரி பேனாவைப் பிடித்தபடி இருந்தார். எதை எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பிரித்திகா யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அறையை விட்டு வெளியே வந்து, அம்மாவையும் கடந்து, வகுப்புக்குப் போக மைதானத்தில் இறங்கினாள். உச்சி வெயிலில் கரிசல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக்கிடந்தது. பாதி தூரம் போயிருப்பாள். ஆறாம் வகுப்பு ஜன்னலிலிருந்து யாரோ சிரித்தார்கள். இன்னொரு சிரிப்பும் அதோடு சேர்ந்தது.

பிரித்திகா நின்றாள். ஓடவில்லை, குனியவில்லை. ஜன்னல் பக்கம் முழுதாகத் திரும்பி நின்று பார்த்தாள். வராந்தாவிலிருந்து தஸ்லிமாவுக்கு அவளுடைய முதுகும், எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையும், பக்கவாட்டில் மூடித் திறந்துகொண்டிருந்த கை ஒன்றும் மட்டுமே தெரிந்தன. சிரிப்பு நின்றது. ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசி முகமும் போன பிறகும் அவள் வெயிலில் அசையாமல் அந்த ஜன்னலையே பார்த்து நின்றாள்.