கயிறில்லாத ஆழம்

ஈரத் துண்டை மூன்றாவது முறையாகப் பிழிந்து அவள் தன் புருஷனின் நெற்றியைத் துடைத்தாள். தடம் போகவில்லை. புருவத்துக்கு மேலே தொடங்கி, கன்னங்களின் ஓரமாக இறங்கி, மேலுதட்டில் வந்து சேரும் சிவப்பு வளையம். காலையில் கடலுக்குள் இறங்கியபோது மாட்டியிருந்த கண்ணாடியின் ரப்பர் விளிம்பு அழுத்திய தடம். இருந்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் தானாக மறைந்திருக்கும். அதற்குள் மனிதர் போய்விட்டார்.

"விடும்மா. அழுத்தித் தேய்க்காத," என்றாள் மகள்.

"பாக்கறவங்க என்னவோ ஏதோன்னு நெனைப்பாங்க."

"இங்க யாரும்மா வரப்போறா?"

அதுவும் சரிதான். பத்துக் குடில்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம், முக்குளிக்கக் கூட்டிப்போகும் கடை ஒன்று, மருந்து வாசனை அடிக்கும் டாக்டர் அறை ஒன்று. தீவு அவ்வளவுதான். ஒரு மாடிகூடக் கிடையாது. வந்த அன்று அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "லிஃப்ட்டே இல்லாத ஊரு. இப்பதான் எனக்கு நெஜமாவே லீவு," என்று சிரித்தார். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்காமல் நகரமாட்டார். கல்யாண வீடாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, பக்கத்தில் நிற்கும் அவளுக்குத்தான் மானம் போகும்.

தீவு டாக்டர் வந்து கண் இமைகளை விலக்கிப் பார்த்துவிட்டு மூடினார். "தூக்கத்துலயே இதயம் நின்னிருக்கு. காலையில தண்ணிக்குள்ள போயிருக்கார் இல்ல? ஏற்கெனவே ஏதாவது தொந்தரவு இருந்துதா?"

"பிரஷர் மாத்திரை சாப்பிடுவார் டாக்டர்," என்றாள் மகள். "கடையில ஃபார்ம் குடுத்தாங்களே, அதுல எழுதியிருக்கும். அம்மாதான் எழுதினாங்க."

"அப்ப அதை நான் பாக்கணும். நாலு மணிக்குப் படகு. அதுக்குள்ள சர்டிபிகேட் எழுதிடறேன். கடைக்குச் சொல்லி அனுப்பறேன்."

டாக்டர் போன பிறகும் அவள் துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிழிய அதில் தண்ணீரே இல்லை.

அந்த வீட்டில் எந்தப் படிவமானாலும் அவள்தான் நிரப்புவாள். பள்ளிக்கூடம், கேஸ், இன்ஷூரன்ஸ், பாஸ்போர்ட், எல்லாம். தைத்த துணியை மடித்து வைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, கட்டம் கட்டமாக எழுதுவாள். கடைசியில் ஒரு இடத்தில் விரலை வைப்பாள். அவர் அங்கே கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்க்கிற பேச்சே இல்லை. "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்று பேனாவை மூடிவிட்டுப் போய்விடுவார்.

முந்தாநாள் கடையில் கொடுத்த படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். ஒன்பதாவது, இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா என்பது. தினமும் காலையில் அந்த மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைப்பவளே அவள்தான். 'ஆம்' என்று போட்டால் ஊரிலிருந்து டாக்டர் சீட்டு வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவர் கடை வாசலில் வரிசையாக நிறுத்தியிருந்த காற்று சிலிண்டர்களைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் இந்தப் பயணத்துக்கான டிக்கெட்டை நீட்டிய நாளிலிருந்து ஒரு மாதமாக அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பன்னிரண்டு 'இல்லை' கட்டங்களுக்கும் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்து, விரலை வைத்தாள்.

அந்தக் கோடுதான் இப்போது வந்துகொண்டிருந்தது.

காலையில் அவள் படகிலேயே இருந்துவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் என்றால் பக்கெட்டோடு சரி. முக்குளிக்கக் கற்றுத்தரும் பெண்ணும் அவரும் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்கள். பிறகு குமிழிகள் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் அதுதான் அவள் புருஷன்.

மேலே வந்தவர் குடிலுக்குத் திரும்பினார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வெகு நேரம் கழித்து, "கயிறே இல்ல," என்றார்.

"என்ன இல்ல?"

"அடி தெரியாத லிஃப்ட் குழி மாதிரி. நான் பார்த்ததுலயே பெரிசு. ஆனா உள்ள பூரா வெளிச்சம். அதுக்கு மேல நிக்கறேன், என்னைப் பிடிச்சுக்கிட்டு ஒரு கயிறு இல்ல."

"ஈரத்தோட உக்காந்து நாற்காலிய நாசம் பண்ணாதீங்க. காயப்போட்டுட்டு வரேன், அப்புறம் சொல்லுங்க," என்று அவள் துணிகளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் தலை சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தம் போடாமல் பக்கத்தில் டீயை வைத்தாள். அது ஆறிப்போகும்வரை அவளுக்குத் தெரியவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. முக்குளிக்கும் பெண் நின்றிருந்தாள். முதல் நாளிலிருந்து அவர் அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. கையில் மடித்த காகிதம்.

"டாக்டர் கேட்டார். நான் முதல்ல உங்ககிட்டதான் வந்தேன்மா."

"அது பொய்," என்றாள் அவள். குரல் தன்னுடையது போலவே இல்லை. "ஒன்பதாவது கேள்விக்கு நான் போட்டது பொய்."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும்மா," என்றாள் டீச்சர். "படகுல ஏறறதுக்கு முன்னாடி சாரே சொல்லிட்டார். ஃபார்மைக் குடுங்கன்னு வாங்கி முழுசாப் படிச்சார்."

"அவர் படிக்கமாட்டாரே."

"படிச்சார். படிச்சிட்டுச் சிரிச்சார். 'டீச்சர், நான் மாத்திரை சாப்பிடறவன். நான் கீழ போகணும்னு என் வீட்டுக்காரி தெரிஞ்சே இல்லைன்னு போட்டிருக்கா. அதை அடிச்சிடாதீங்க, அவ கையால எழுதினது'ன்னார்." டீச்சர் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மெஷின் வச்சுப் பார்த்தேன், பிரஷர் சரியா இருந்துது. ஆனா சட்டப்படி நான் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கணும். அனுப்பலை. தப்பு என் பேர்லயும் இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கல்யாணமான முப்பத்து நாலு வருடத்தில் முதல் தடவையாக அவள் எழுதியதை அவர் படித்திருக்கிறார். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தெரிஞ்சேதான் போட்டியா?" என்றாள் மகள்.

"தெரிஞ்சேதான்."

"ஏம்மா?"

"அவர் மூஞ்சியப் பார்த்தேன். போட்டுட்டேன்."

மகள் வெளியே போனாள். வாசலில் அந்தக் காலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. உள்ளே நின்றிருந்த அவளுக்கு உடம்பெல்லாம் பயமாக இருந்தது. போனவர் போய்விட்டார், மிச்சம் இருப்பது இந்த ஒருத்திதான். இவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஊர் போய்ச் சேர்ந்து என்ன செய்வது.

"உள்ள எப்படி இருந்தார்?" என்று டீச்சரைக் கேட்டாள். "பயந்தாரா?"

"முதல் தடவை இறங்கறவங்க பயத்துல காத்தை மடமடன்னு இழுத்துத் தீர்த்துடுவாங்கம்மா. சார் பாதிக்கு மேல திருப்பிக் கொண்டுவந்தார். எனக்கு அதுவே ஆச்சரியம். பவளத் திட்டு முடியற எடத்துல, செங்குத்தா ஆழம் ஆரம்பிக்கும். நிறைய பேர் அங்க திரும்பிடுவாங்க. சார் அசையாம நின்னார். ஒரு கை மட்டும் பக்கத்துல எதையோ தேடிச்சு. அப்புறம் அந்தக் கையையும் மடக்கி மார்ல வச்சுக்கிட்டார். போலாம்னு நான் சைகை காட்டினேன். இன்னும் கொஞ்சம்னு காட்டினார். ரெண்டு தடவை."

வெளியே மகளின் தோள் குலுங்கியது. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

டாக்டர் அறைக்கு அவளே காகிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். மேசையில் விரித்து, ஒன்பதாவது கேள்வியில் விரலை வைத்தாள். "இது தப்பு. 'ஆம்'னு இருக்கணும். எழுதினது நான்," என்றாள். டீச்சர் பின்னாலேயே வந்து தன் பங்கைச் சொன்னாள்.

டாக்டர் இரண்டையும் எழுதிக்கொண்டார். "இதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா," என்றார். "இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. வீட்டுல உக்காந்திருந்தாலும் நடந்திருக்கலாம்."

"சரிங்க," என்றாள். அதற்கு மேல் அவர் ஏதாவது ஆறுதல் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள்.

நாலு மணிக்குப் படகு வந்தது. கரை தட்டாமல் நிற்பதற்காக, ஆழம் தொடங்கும் இடம்வரை மரப்பாலத்தை நீட்டிக் கட்டியிருந்தார்கள். வெள்ளைத் துணி சுற்றி அவரை ஏற்றியாயிற்று. மகள் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தீவுக்கு வந்த சாமான் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கிளம்பப் பத்து நிமிஷம் ஆகும் என்றார் படகுக்காரர்.

அவள் பாலத்தின் ஓரத்துக்குப் போனாள். தண்ணீருக்குள் இறங்கும் படிகள் இருந்தன.

"அவர் பார்த்த எடம் எங்க இருக்கு?"

"அது கொஞ்ச தூரம்மா. ஆனா இந்தப் படிக்குக் கீழயும் அதே சரிவுதான்," என்றாள் டீச்சர்.

"அந்தக் கண்ணாடிய குடு."

டீச்சர் ஓடிப்போய் எடுத்து வந்தாள். வாரை இறுக்கி மாட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் கடைசிப் படியில் மண்டியிட்டாள். உடுத்திய துணி இடுப்புவரை நனைந்தது. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, முகத்தைத் தண்ணீரில் வைத்தாள்.

முதலில் வெறும் மணல். அந்த மணல் நீண்டுகொண்டே போய், ஒரு இடத்தில் நின்றுபோனது. அங்கிருந்து சுவர் மாதிரி இறங்கியது. சுவர் முழுக்க உயிர் அசைந்தது. தன் தையல் கடையில் நாற்பது நிறத்தில் நூல்கண்டு வைத்திருந்தவள் அவள். அங்கே திரிந்த மீன்களில் பாதி நிறத்துக்கு அவளிடம் பெயர் இல்லை. அதற்கும் கீழே நீலம். வெயில் கற்றை கற்றையாக அதற்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது, எதிலும் போய் முட்டவில்லை. இவ்வளவும் இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கிறது. அவர் சொல்ல வந்தபோது நாற்காலி நனைகிறது என்றாளே.

மூச்சு முட்டித் தலையைத் தூக்கினாள். காற்றை இழுத்துக்கொண்டு மறுபடியும் வைத்தாள். இந்தத் தடவை ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள்.

"கெளம்பலாமா?" என்று படகுக்காரர் கேட்டது தூரத்தில் கேட்டது.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் நிமிர்ந்து. திரும்பவும் குனிந்தாள்.

படகு கிளம்பியபோது தீவு சின்னதாகிக்கொண்டே போனது. பாலத்தின் நுனியில் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். படகில் அவள் அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிப் பலகை நனைந்தது. தலைமாட்டிலிருந்த மகள் பையைத் திறந்து துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முகத்தைத் துடைத்துவிட அம்மாவின் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். புருவத்துக்கு மேலே தொடங்கி, கன்னங்களின் ஓரமாக இறங்கி, மேலுதட்டில் வந்து சேரும் சிவப்பு வளையம்.

மகள் அதைப் பார்த்தாள். வெள்ளைத் துணியின் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு துண்டை அம்மாவின் முகத்துக்குக் கொண்டுபோகாமல், ஈரக் கைகளை மட்டும், ஒவ்வொரு விரலாக, துடைத்துவிடத் தொடங்கினாள்.