முள் கடிவாளம்

கல்யாண மாதம் வந்தால்தான் மார்வாட்டுப் பாலைவனத்தில் பலோடிப் பக்கத்து ஜனங்களுக்குப் பதம்சிங் என்றொரு மனிதர் இருப்பதே ஞாபகத்துக்கு வரும். அதுவும் அவருக்காக இல்லை, அவருடைய பெண் குதிரை ரூபலுக்காக. மாப்பிள்ளை அவள் மேல் ஏறி வந்து, பெண் வீட்டு வாசலுக்கு மேலே தொங்கும் மரத் தோரணத்தை வாளால் தொட வேண்டும். தொட்டு முடித்து லட்டும் தின்றாயிற்று என்றால், அடுத்த கல்யாணம் வரை அவர் வீட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வயலுக்கு நடுவே அந்த ஒற்றை வீட்டில் அவரும் ரூபலும்தான். செருப்புச் சத்தம் தூரத்தில் கேட்டாலே அவள் கனைப்பாள். "வந்துட்டேன்டி, ஊரைக் கூட்டாதே" என்பார். பொய்க் கோபம். அந்தக் கனைப்பைக் கேட்கத்தான் மனுஷன் கடைத்தெருவிலிருந்து வேகமாக நடப்பார்.

போன வருஷம் குடித்துவிட்டு வந்த ஒரு மாப்பிள்ளை தோரணத்துக்கு ஓங்கிய வாளை அவள் காதில் இறக்கிவிட்டான். அன்றிலிருந்து தலைக்கு மேல் எதை ஓங்கினாலும் அவளுக்கு ஆகாது. காதை மடக்குவாள், பல்லைக் காட்டுவாள், அதற்கும் புரியாதவனைக் கடிப்பாள். இரண்டு மாப்பிள்ளைத் தோழர்கள் தோளில் கட்டுப் போட்டுக்கொண்டார்கள். புகார் சூரத்தில் புடவைக் கடை வைத்திருக்கும் மகன் நர்பத் வரை போனது. அப்பாவைப் போனில் பிடித்தான்.

"இன்னொருத்தனைக் கடிச்சா லாரியோட வந்துடுவேன், பாபுசா. வித்துட்டுத்தான் மறுவேலை."

"அவளை வித்துட்டு நான் யார்கிட்டடா பேசுறது?"

"ஏன், டிவி வாங்கிக் குடுத்திருக்கேன்ல?"

கல்யாணக் குதிரைகளுக்கு ஆடப் பழக்கும் மங்குகான் கேள்விப்பட்டு வந்தான். சாக்கிலிருந்து ஒரு கடிவாளத்தை எடுத்துப் போட்டான். வாய்க்குள் போகும் இரும்பில் வரிசையாக முள்.

"இதுக்கு அடங்காத குதிரை மார்வாட்லயே கிடையாது, பதம்சிங்சா. அவ காதை மடக்குறா பாருங்க, அப்பவே கயித்தை ஒரு சுண்டு. கடிக்கிற வரைக்கும் விடக்கூடாது. நினைப்பே வரக்கூடாது."

"வாய் கிழிஞ்சிடுமேடா."

"அப்போ லாரி வரட்டுமா?"

பதம்சிங் குனிந்து கடிவாளத்தை எடுத்தார்.

வன்னி மரத்தடியில் மங்குகான் கழியை ஓங்குவான். கயிற்றைத் தானே பிடிப்பதாக அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். வேறு கை என்றால் கூடுதலாகச் சுண்டிவிடுமே என்று பயம். பாவி மனுஷன், பாசத்தில் செய்த அந்த ஒரு காரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. நுரை சிவப்பாக ஒழுகியது. ஒவ்வொரு சுண்டுக்கும் "மன்னிச்சுக்கடி" என்றார். அவளுக்கு மன்னிப்பா புரியும்? முள் புரிந்தது, அதைச் சுண்டிய கை புரிந்தது. வாரம் திரும்புவதற்குள் காது மடங்குவது நின்றுவிட்டது.

அடுத்த கல்யாணத்தில் மாப்பிள்ளை வாளை ஓங்கினான். ரூபல் கல்லாக நின்றாள். "பசுவாயிட்டாளே, பதம்சிங்சா!" என்று ஊரே மெச்சியது. போனில் நர்பத், "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முள்ளைக் கழற்றி மங்குகானிடமே திருப்பிக் கொடுத்தார். இனி அந்தச் சனியன் வேண்டாம்.

மறுநாள் சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து வந்தபோது கனைப்புச் சத்தம் இல்லை. காதில் விழவில்லை போல என்று செருப்பை வேண்டுமென்றே தேய்த்து நடந்தார். இருமினார். அவள் தலை தொங்க நின்றுகொண்டிருந்தாள். வெல்லத்தை நீட்டினார். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கோபமா? என்கிட்டயா?"

பிடரியைத் தடவக் கையைத் தூக்கினார். அவள் காதை மடக்கவில்லை, விலகவில்லை. தலையைத் தாழ்த்தி, இரும்பை வாங்கிக்கொள்ள வாயைத் திறந்தாள். நாக்கில் புண் இன்னும் ஆறியிருக்கவில்லை.

"இரும்பு இல்லடி. பாரு, வெறுங்கை. நான்தான்."

வாய் மூடவில்லை. பதம்சிங் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? கையை அவள் பற்களுக்கு நடுவே வைத்தார்.

"கடிடி. ஒரே ஒரு தடவை கடிச்சிரு."

ரூபல் கடிக்கவில்லை. அவர் கையை எடுக்கும்வரை வாயைத் திறந்தபடியே, அசையாமல், பழக்கிய மாதிரி அடங்கி நின்றாள்.